முன்வயல் வெட்டு

பாகூருக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் உள்வயல் எதற்கும் தனிப்பாதை கிடையாது. ரோட்டோரத்து முன்வயல்காரர் முதலில் கரும்பு வெட்டுவார். வெட்டின அந்த நிலத்தில் லாரியை விட்டு உள்வயல்காரர் தன் கரும்பை ஏற்றிக்கொள்வார். பத்திரத்தில் ஒரு வரி இருக்காது, எல்லாம் வாய்ப்பேச்சு. எழுதித் தரச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்த முட்டாள்கள் நாங்கள். அதில் முதல் முட்டாள் நான், வைஜெயந்தி.

என் ஒன்றரைக் காணி உள்வயல். சுற்றிலும் மூன்று பக்கம் மனையாகிவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் எட்டடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். என் கரும்பிலிருந்து பாம்பு வருகிறதாம், ஆள் அனுப்பிச் சொன்னார்கள். பாம்பு வேறு எங்கே போகும்? அது இருந்த இடத்தில்தானே இவர்கள் வீடு கட்டினார்கள். நான் மட்டும் வடிகால் வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போய் வரலாம். கரும்புக்கட்டு அந்த வழியில் போகாது. மேற்கே திரௌபதியின் முன்வயல் ஒன்றுதான் பாக்கி. அதுவும் அடைந்தால் கரும்பு நின்ற இடத்திலேயே காயும், பிறகு நிலமும் என் கையில் நிற்காது.

மாசியில் ஆலையிலிருந்து வெட்டுக்கு உத்தரவு வந்தது. நேரே திரௌபதி வீட்டுக்குப் போனேன். எனக்கு இரண்டு வருஷம் பின்னால் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள்.

"கட்டிங் ஆர்டர் வந்துடுச்சுடி. திங்கக்கெழம வண்டி வருது. உன்னுத எப்ப வெட்டப் போற?"

"நாளைக்கே வெட்டிடறேன்க்கா." அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"உன் கரும்பு முத்த இன்னும் ஒரு மாசம் இருக்குதே?"

"இருக்கட்டும்க்கா."

எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. எனக்கு வழிவிடுவதற்காக முற்றாத கரும்பை வெட்டுகிறாள் என்று நினைத்தேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போயிற்று?

சொன்னபடி வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஜேசிபி ஒன்று வேரோடு நின்ற கரும்புக்கட்டையையும் பெயர்த்துக்கொண்டிருந்தது. முதல் வருஷக் கரும்பு அது. கட்டையை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும், இன்னும் இரண்டு வருஷம் வெட்டலாம். என் லாரி புதையாமல் இருக்கச் சமன் பண்ணுகிறாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முருங்கைக்காய் பறித்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று காயை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை லாரியும் எட்டு வெட்டாட்களும் ரோட்டிலேயே நின்றார்கள். திரௌபதி வயல் முழுக்க ராவோடு ராவாக நட்ட, வெள்ளையடித்த மனைக்கல். ரோட்டோரம் நெடுகக் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே அன்புராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பத்து வருஷம் ஆட்களைக் கூட்டிவந்து என் கரும்பை வெட்டிக் கொடுத்த மேஸ்திரி அவன். இப்போது மனை புரோக்கர்.

"இன்னாடா இது?"

"திரௌபதியக்கா போன மாசமே ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்துட்டாங்க. கரும்ப வெட்டி, கட்டைய எடுத்துத் தரணும்னு பேச்சு. ஒங்களாண்ட சொல்லலியா?"

வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கி ஒரு நாளு வண்டிக்கு வழி வுடுறா, அன்புராஜ்."

"வழி எந்தப் பத்திரத்துல இருக்குது? காட்டுங்கக்கா, வுட்டுடறேன்."

என்னிடம் என்ன இருக்கிறது காட்ட? அவன் எழுந்து நாற்காலியை வேலிக்கு மேலாக வெளியே எடுத்துக் கொடுத்து, ரோட்டோர மரநிழலில் போட்டு உட்காரச் சொன்னான்.

"நெலத்த எழுதிக் குடுங்கன்னு நான் கேக்கவே இல்லியே. ஒண்ணும் அவசரமில்ல. கரும்பு காயட்டும்க்கா."

என் கரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

லாரிக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். வெட்டாட்கள் அவனோடு போகவில்லை. வந்த நாளின் கூலி போய்விடக் கூடாதென்று அன்புராஜ் அவர்களைக் கூப்பிட்டான். கத்தியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, என் வயலின் மேற்கு ஓரமாகச் சுவருக்குக் கடைக்கால் தோண்ட எட்டுப் பேரும் இறங்கினார்கள்.