அம்சவள்ளி போட்ட கட்டு

எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்கள் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவர் முன்னால் வெட்டிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னால் சோகை என்கிற காய்ந்த தோகையைக் கழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டே வர வேண்டும். இருபத்தாறு வருடம் நான் வெட்டினேன், என் மனைவி அம்சவள்ளி கட்டினாள். திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றி நாங்கள் இறங்காத கரும்புக் கழனி கிடையாது. ஆனால் அவள் எப்படிக் கட்டுகிறாள் என்று ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. கரும்புக்குள் குனிந்தால் குனிந்ததுதான். பின்னால் வளையல் சத்தம் கேட்கும். கிட்டத்தில் கேட்டால் நான் மெதுவாகப் போகிறேன் என்று அர்த்தம். தூரத்தில் கேட்டால் அவள் வெற்றிலை போடுகிறாள்.

அவள் திண்டிவனத்துப் பெண். அங்கே அவள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான் பிடுங்கியிருக்கிறாள், கரும்பு தெரியாது. கல்யாணமான வருடம் முகையூர்ப் பக்கம் ஒரு கழனியில் இறங்கினோம். முதல் வாரம் அவள் போட்ட கட்டெல்லாம் தலைக்குத் தூக்கும்போதே அவிழ்ந்து கொட்டியது. சோகை அறுத்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அழுதாள். நான் முறுக்கிச் செருகுவதை இரண்டு தடவை செய்து காட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து ஒரு கட்டும் அவிழவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததால்தான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பைக் கீழே விட்டாள். எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தோம். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சும் வந்தது, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கரும்பாலையின் பாகு வாசனை அடித்தது. நாங்கள் வெட்டின கரும்பெல்லாம் போகிற ஆலை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஆலைய ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க போலக்குது" என்றாள்.

யாரும் கேட்காமல் அவளாகப் பேசியது அதுதான் முதல். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது.

வலது கை மட்டும் வரவில்லை. பயிற்சி கொடுக்கிற கலைப்பிரியா என்ற பெண் ஒரு ரப்பர் பந்தும் பயிற்சியெல்லாம் எழுதின ஒரு தாளும் கொடுத்தது. பந்தைத் தினமும் அமுக்கினால் கை திரும்பி வர வழி இருக்கிறது, ஆனால் அம்மா மனசு வைக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியது. வீட்டில் அந்தத் தாளை நான் படித்துக் காட்டுவேன். முப்பது வயதுக்குமேல் கற்ற எழுத்து, கூட்டிக் கூட்டித்தான் வரும். முதல் வரி முடிவதற்குள் அவள் திரும்பிப் படுத்துவிடுவாள். பந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை, நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை என்னை இட்டுக்கினு போய் அக்கா வூட்ல வுட்டுடு. நீ ரோஜாகூட ஜோடி போட்டுக்க. அதுவும் ஒண்டியாத்தான் கீது."

ரோஜா எங்களோடு கரும்பு வெட்டுகிற செட்டில் புருஷனை இழந்த பொம்பளை. அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திண்டிவனமும் தூரமில்லை, பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். ஆனால் இந்தக் கையோடு அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்தால் இவள் எழுந்திருக்க மாட்டாள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டாள். நான் சீப்பில் இருந்த முடியைச் சுருட்டி எறிந்துவிட்டு வேலைக்குப் போனேன்.

கழனியில் மேஸ்திரி செல்வகுமாரும் ரோஜாவோடு ஜோடி சேரத்தான் சொன்னான். நானே வெட்டி நானே கட்டுகிறேன் என்றேன். நாலு நாள் முயன்றேன். வெட்டின கரும்பின் தலைப்பச்சையை, கொழுந்தாடை என்போம், அதைத்தான் கயிறாக முறுக்கிக் கட்ட வேண்டும். நான் முறுக்கினால் பாதியிலேயே ஒடிந்தது. ஒடியாமல் போட்ட கட்டு, லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறும்போது என் தலைமேலேயே பிரிந்து கொட்டியது. மேலே நின்றவர்கள் என்னைப் பார்த்து, மாசிலாமணி அண்ணன் கட்டுப் போடவில்லை, கோலம் போடுகிறார் என்று சிரித்தார்கள். யாரையும் கேட்கவும் மனம் வரவில்லை. கேட்டால் ஜோடி சேரு என்பார்கள்.

வெள்ளிக்கிழமை செல்வகுமார் தனியாகக் கூப்பிட்டான். "திங்கக்கெழம ஆளோட வாண்ணே. ஒண்டியா வராத. எனக்கும் பேஜாரா கீது."

அன்று சாயங்காலம் ஆட்டுக்காகக் கடைசி வெட்டில் பச்சையாகக் கொண்டுவந்த கொழுந்தாடையில் நாலை உருவி வாசலில் உட்கார்ந்தேன். ஐந்தாறு கரும்பை அடுக்கி முறுக்கினேன். ஒடிந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் ஒடிந்தது. வாசற்படியில் சாய்ந்திருந்த அம்சவள்ளி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா பண்ற?"

கட்டுப் போடுகிறேன் என்றேன்.

"பச்சையா முறுக்குனா ஒடியாம இன்னா பண்ணும்? வாட்டணும்யா. காலைல போனதும் மொத வெட்டு கொழுந்தாடைய வரப்புல வெயில்ல பரப்புவேனே, பாத்ததே இல்லியா நீ?"

"நீ என் முதுகுக்குப் பின்னாடி இல்ல இருந்த."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு பக்கம் கோணிக்கொண்ட சிரிப்பு. ஐப்பசிக்கு அப்புறம் அதுதான் முதல்.

சனிக்கிழமை கழனியில் முதல் வேலையாக ஒரு கை கொழுந்தாடையை வரப்பில் பரப்பினேன். மத்தியானம் அது துணி மாதிரி துவண்டு கிடந்தது. கட்டினேன், நின்றது. மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். அவளே இழுத்தாள். இடது கையால் முறுக்கினாள். முறுக்கின நுனியை இன்னொரு கை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிக்கொள்ளும். நான் பிடிக்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டாள். இடது கையாலேயே வலது கையைத் தூக்கி, கரும்புமேல் வைத்தாள். நழுவியது. மறுபடி வைத்தாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கட்டை விரல் நகம் வெளுத்தது. அமுக்கினால்தானே நகம் வெளுக்கும். ஒரு மூச்சு விடும் நேரம் பிடித்திருந்தது, பிறகு விட்டுவிட்டது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

ஞாயிறு காலை, அவள் கேட்டபடியே, அவள் புடவைகளைக் கட்டைப் பையில் வைத்திருந்தேன். பஸ்சுக்கு நேரமாகிறது என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்காவுக்கு போன் போட்டு இப்ப வர்லன்னு சொல்லிடு. நாளைக்கு பத்து கொழுந்தாடை எடுத்துக்கினு வா. நல்லா வாடுனதா பாத்து."

பந்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஆட்டுக்குப் போடு" என்றாள்.

திங்கட்கிழமை நான் ஒற்றை ஆளாகப் போய் நின்றதும் செல்வகுமார் முறைத்தான். ஆள் எங்கே என்று கேட்டான். வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றேன். சாயங்காலம் வரை பார், ஒரு கட்டு அவிழ்ந்தாலும் நானே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கழனியில் இறங்கினேன். முதல் வெட்டுக் கொழுந்தாடையை வரப்பில் பரப்பினேன், பத்தைத் தனியாக வைத்தேன். பிறகு குனிந்து வெட்ட ஆரம்பித்தேன். அன்றைக்கு வேலை கொஞ்சம் தாமதம்தான். வாடிவிட்டதா, வாடிவிட்டதா என்று நாலு கரும்புக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.