காந்தத்தோடு கேமரா வாங்கப் போனோம்

என் கணவர் இறந்த பிறகு, கடலோரத்து வீட்டில் நான் தனியாக இருப்பதற்கு நாத்தனார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வீட்டுக்கு வெளியில் கேமரா மாட்ட வேண்டும், அது உப்புக்காற்றில் தாங்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போய்விட வேண்டும்.

கடைக்காரர் முதல் கேமராவைக் காட்டி, "இருட்டுலயும் பூனை மீசை தெரியும்மா" என்றார்.

"மீசை இருக்கட்டும். மாட்டுற ஸ்க்ரூவைக் காட்டுங்க" என்று கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். அது என் கணவருடையது. எங்கள் கேட்டின் கீல்களைக் கடல் தின்று தீர்த்ததிலிருந்து, காந்தம் ஒட்டுகிற எந்த ஆணியையும் அவர் வீட்டுக்குள் விட்டதில்லை. ஒட்டினால் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது அவர் கணக்கு.

முதல் ஸ்க்ரூ லபக்கென்று ஒட்டியது. அடுத்த கேமராவுடையதும் அப்படியே.

"அண்ணன் போயும் கடைக்காரங்களுக்கு விடிவு இல்ல அண்ணி!" என்று நாத்தனார் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஒட்டவில்லை. மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாதபடி ரப்பரும் இருந்தது.

"இதுல ரெண்டு குடுங்க" என்றேன்.

நாத்தனார் காந்தத்தை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தாள்.

"சரி, அங்கேயே இருங்க அண்ணி. ஆனா நான் தினமும் போன்ல பார்ப்பேன்."

"கேட்டைப் பாரு, பின்வாசலைப் பாரு. கடலை நான் பார்த்துக்கறேன்."