உள்ளங்கையில் ஊற்றிய பாகு

பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீர் விடியற்காலைக் குளிரில் ஊசியாய்க் குத்தியது. பூரணி அடுப்புச் சாம்பலை அள்ளி இரண்டு கைகளிலும் அப்பித் தேய்த்தாள். சாம்பல் போயிற்று, நிறம் போகவில்லை. விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் மணிக்கட்டு வரைக்கும் கருநீலம் ஏறியிருந்தது. சவுக்காரமும் போட்டுப் பார்த்தாயிற்று. பின்னால் லயத்து வீட்டு வரிசையில் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு காம்பிரா அறையிலிருந்தும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பலை அள்ளினாள்.

டயகம தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை பங்களாவின் இடிந்த மதிலோரம் ஒரு செடி நிற்கிறது. எந்தக் காலத்துத் துரைசானியோ நட்டது. கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கும் அதன் பழங்களைக் குருவிகள்தான் தின்னும். பூரணியும் அதைக் கண்டுகொள்ளாமல்தான் போய்வந்தாள். அட்டன் நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்த மொழிபெயர்ப்பு நாவலில், பனி கொட்டும் ஒரு கிராமத்தில், ஒரு விதவை செம்புப் பானையில் கறுத்த பழங்களைக் காய்ச்சி இருமல்காரர்களுக்கெல்லாம் கொடுப்பாள். அதுவரை அவளை ஏறிட்டும் பாராத ஊர், அவள் வாசலில் வந்து நிற்கும். கைபேசியில் படத்தைத் தேடிப் பார்த்தாள். அதே இலை, அதே கொத்து. எல்டர்பெரி. அந்தப் பெயரைத் தனியாகச் சொல்லிப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையே வேறு நாட்டு மழையாகத் தெரிந்தது.

காம்பையும் பச்சைக் காயையும் நீக்கிவிட்டு நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுக்கு ஆகாது என்று கைபேசியிலேயே இருந்தது. அவள் படித்தாள், படித்துத்தான் செய்தாள். ஆனால் முதல் கொதி வந்ததும் சட்டியில் தெரிந்த நிறம் அந்த நாவலில் இருந்த அதே நிறம். இன்னும் கொஞ்சம் விட்டபோது ஓரத்தில் மங்கி, பால் ஊற்றாத சாயத்தண்ணிபோல் ஆகப் பார்த்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. இறக்கிவிட்டாள். பழைய சேலைத் துணியில், பொறுக்கப் பொறுமையில்லாமல் விட்டிருந்த காம்பும் காயுமாகச் சேர்த்துப் பிழிந்து, சீனியைக் கொட்டிக் கலக்கினாள்.

பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே சாயத்தண்ணி குடிக்கிற நேரம் அது. நேற்று அந்தக் கைகளில் சீனிக்குப் பதில் பூரணி பாகை ஊற்றினாள்.

"என்னா ஆத்தா இது, பேனா மையா?" என்றாள் பக்கத்துக் காம்பிரா வீரம்மா.

"எல்டர்பெரிப் பாகுக்கா. இருமலுக்கு நல்லது. வெளிநாட்டுல எல்லாரும் குடிக்கிறாங்க."

"அப்ப விடியக்குள்ள நானும் வெள்ளக்காரி ஆயிருவேன். இன்னுங் கொஞ்சம் ஊத்து, நெறம் பத்தாது எனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியின் மகள் லோஜினி இரண்டு கையையும் நீட்டினாள், இரண்டிலும் வாங்கினாள். தனக்கென்று பூரணிக்கு மிஞ்சியது கரண்டியில் ஒட்டியிருந்தது மட்டுந்தான். அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"பூரணி!" பீலியடியில் நின்றவளை அண்ணி கிருஷாந்தி உள்ளேயிருந்து கத்தி அழைத்தாள். "புள்ளைக்கு வாந்தி நிக்கவே மாட்டேங்குது. டிஸ்பென்சரிக்குப் போவணும், வா!"

பூரணி அண்ணனின் சால்வையை எடுத்துக் கைகளை அதற்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். இஸ்தோப்பில் வீரம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே வடைக் கூடையோடு செல்லசாமி. நேற்று மத்தியானம் கொழுந்து மலையில் எல்லாரும் அவரிடம் வடை வாங்கித் தின்றிருந்தார்கள். லோஜினிக்கும் அண்ணி ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"எந்தக் காலத்து எண்ணெயிலய்யா சுட்ட? லயமே கெடக்கு. காலையில பெரட்டுக்குப் போயி பேரு குடுக்க ஒருத்திக்கும் காலு நிக்கல. இன்னைக்கிப் பேரு போச்சு, சம்பளமும் போச்சு!"

"எங்கம்மா மேல சத்தியமா வீரம்மா, புது எண்ணெ. நானுந்தான் தின்னேன்."

"நீ தின்ன, ஒனக்கு ஒண்ணும் ஆகலயே? அதுலயே தெரியுதே, நல்லதத் தனியா எடுத்து வச்சிருப்ப! இனிமே கூடையோட இந்தப் பக்கம் வந்துராத."

செல்லசாமி சுற்றும் முற்றும் பார்த்தார். அந்தப் பார்வை பூரணியிடம் வந்து நின்றது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"சட்னி... கெட்டுப் போயிருக்குமோ?"

தன் குரலைத் தானே கேட்டாள். யாரோ படித்த பெண் பேசுவதுபோல நிதானமாக, அக்கறையாக இருந்தது அது. செல்லசாமியின் முகம் தளர்ந்தது.

"இருக்கும்மா," என்றார். "படிச்ச புள்ள நீங்க சொல்லுறீங்க. தேங்கா கொஞ்சம் பழசுதான்." கூடையை ஓரமாக வைத்தார். அண்ணியிடமிருந்து லோஜினியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, படிகளில் வேகமாக இறங்கினார். பூரணி பின்னால் போனாள். போகிற வழியெல்லாம் பிள்ளையின் கை அவர் முதுகில் தொங்கி ஆடியது. அதன் உள்ளங்கையை மட்டும் அவள் பார்க்காமல் நடந்தாள்.

டிஸ்பென்சர் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையை மேசையில் இருத்தி, கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஜீவனி உப்புப்பொடியைத் தண்ணீரில் கரைத்து அண்ணியிடம் கொடுத்தார்.

"பயப்பட ஒண்டுமில்லை. நேற்று என்ன சாப்பிட்டவ?"

"என் வடைதாங்கய்யா," என்றார் செல்லசாமி. "சட்னி கெட்டுப் போச்சு. தப்பு எம்மேலதான்." கும்பிடுவதற்காக அவர் விரித்த உள்ளங்கைகளில் எண்ணெய் சுட்ட தழும்புகள் இருந்தன. வேறு எந்தக் கறையும் இல்லை.

டிஸ்பென்சர் நாடி பார்க்க லோஜினியின் கையைத் திருப்பினார். "இதென்ன நிறம் பிள்ளைக்கு?"

அண்ணி குனிந்து பார்த்தாள். பிறகு தன் வலது கையை மெல்ல விரித்துப் பார்த்தாள். கொழுந்துக் கறைக்கு நடுவே கருநீலமாக ஒரு குட்டை. "இது ஒண்ணுமில்லங்கய்யா," என்றாள். "எங்க பூரணி காச்சின பாகு. அது புஸ்தகத்துல பாத்து..." அவள் நிமிரவில்லை.

சால்வைக்குள் பூரணியின் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. வெளியே கொழுந்து லொறி மேட்டில் ஏறித் திணறும் சத்தம் கேட்டது. அது ஓயும்வரை அவள் நின்றாள். பிறகு சால்வையை அவிழ்த்து, இரண்டு கைகளையும் மேசைமேல், எல்லாரும் பார்க்கும்படி மலர்த்தி வைத்தாள்.

"அய்யா," என்றாள்.

லோஜினி அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தாள். சோர்ந்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. தன் சின்ன உள்ளங்கையைத் தூக்கி, அளவு பார்ப்பதுபோல அத்தையின் உள்ளங்கைமேல் பொருத்தினாள்.

"அத்தே, ஒங்களுக்குத்தான் நெறம் கூட."