எலுமிச்சை முள்வேலி

எலுமிச்சைக் கன்றுகளில் சொறி வந்ததற்கு யார் காரணம் என்று என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது. முதலில் நர்சரிக்காரன். அடுத்தது, கம்பெனிப் புகை. மூன்றாவது, பக்கத்து நிலத்து வரதன். அவன் எதற்கும் காரணமாக இருக்கக்கூடியவன்.

ஆடி மாதமே தலைவலி ஆரம்பித்துவிட்டது. பெரியபாளையம் கோயில் வாசலில் மாலை கட்டுகிற கங்கம்மா, என் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி இளமதி, பழத்துக்கு அம்மையா? இந்தப் பொட்டு பழத்த அம்மனுக்கு எப்டி கோக்குறது? எத்துக்கினு போ" என்றாள். வருடம் முழுக்க நாங்கள் நம்பியிருப்பது அந்த ஒரு ஆடியைத்தான். ஊறுகாய்க்காரன்கூட முகத்தைச் சுளித்தான்.

தோட்டக்கலை ஆபீசர் மெர்சி வந்து பார்த்தார். சொறிநோய், மழையிலும் காற்றிலும் பரவும், எல்லா மரத்தையும் வெட்டிக் கொளுத்திவிட்டு, தள்ளி நல்ல கன்றாக வையுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் சடையப்பனுக்கு நம்பிக்கையே விட்டுப்போயிருந்தது. "இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா நிலத்த குடோனுக்கு குட்த்துட்டு கம்பெனியோட கெடக்குறேன்" என்று சொல்லித்தான் முப்பது கன்று வாங்கிவந்தார். கும்மிடிப்பூண்டியில் அவருக்கு ஒப்பந்த வேலை. காலையில் அவர் வேன் ஏறிவிட்டால் தோட்டம் என் தலையில்.

நட்ட மறுநாளே வரதனின் ஆடு இரண்டு கன்றுகளின் கொழுந்தைக் கடித்துவிட்டது. கேட்கப் போனால், "ஆட்டுக்கு இன்னாக்கா தெரியும்?" என்கிறான். ஆட்டுக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது? வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே ஒவ்வொரு கன்றையும் சுற்றித் தனித்தனியாக முள்வேலி கட்டினேன். கை முழுக்க ரத்தம். வீட்டுக்காரர்கூடப் பார்த்துவிட்டு, "சோக்கா கட்டிக்கீற" என்றார்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கார்த்திகையில் பாதிக்கு மேல் கன்றுகளில் இலையெல்லாம் பழுப்புப் பொட்டு.

மெர்சிக்குப் போன் மேல் போன் போட்டு வரவழைத்து, என் பட்டியலை ஒப்பித்தேன். நர்சரிக்காரனைச் சும்மா விடக்கூடாது என்று கத்தினேன். அவர் காது கொடுத்த மாதிரியே தெரியவில்லை. வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த மரத்து முள்ளும்மா?"

"நம்ம எலுமிச்சைதான் மேடம். வெட்னோமே, அந்த மரத்துது. பச்சையா எரிய மாட்டேன்னிச்சு. நல்ல முள்ளாச்சே, எதுக்கு வீணாக்கணும்னு..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

"காய்ஞ்ச கிளையிலயும் சொறி இருக்கும்மா. மழைத் தண்ணி பட்டு கன்னு மேல தெறிச்சிருக்கு. அதுக்குத்தான் கொளுத்தச் சொன்னேன்."

சொன்னார்தான். கைக்குழந்தையைச் சுற்றி, அம்மை கண்டவர்களைக் காவலுக்கு உட்காரவைத்த மாதிரி செய்திருக்கிறேன் நான். பன்னிரண்டு கன்றுகளில் இன்னும் பொட்டு வரவில்லை, மருந்து அடித்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றுவிட்டு அவர் போனார்.

மீதிப் பதினெட்டையும் நானே பிடுங்கினேன். எல்லா வேலி முள்ளோடும் தூரமாகக் குவித்து, பம்பு எஞ்சினுக்கு வைத்திருந்த டீசலை ஊற்றிக் கொளுத்தினேன். இப்போது மட்டும் நன்றாக எரிந்தது, பாழாய்ப்போன முள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்தவர் சாம்பலைப் பார்த்தபடி நின்றார். "நர்சரிக்காரன் ஏமாத்திட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அவன் இல்ல. நான்தான். கொளுத்தச் சொன்ன முள்ளத்தான் வேலியா கட்டிட்டேன்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால், அவருடைய குடோன் பேச்சுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் திட்டவில்லை. முள் கிழித்த என் கையைப் பார்த்தார்.

"எத்தினி மிச்சம்?"

"பன்னெண்டு."

"கம்பெனில கிழிஞ்ச வலை கெடக்குது. நாளிக்கு கேட்டு எத்துக்கினு வரேன்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. "நாளிக்குதானே? இன்னிக்கு ஆடு வந்தா இன்னா பண்றதாம்?" என்று அவர் மேலேயே பாய்ந்தேன்.

அவர் பதில் சொல்வதற்குள் வரதனின் ஆடு வரப்பேறிவிட்டது. கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.