கேட்காமல் வந்த பேனாக்கள்

திரும்பி வந்த தபால்களைப் பிரிக்கிற மேஜையைப் போல அலுப்பான இடம் அந்த அலுவலகத்தில் வேறு கிடையாது. ஐந்து வருடமாக அங்கேயே உட்கார்ந்து இவளுக்கு முதுகும் போய்விட்டது, பொறுமையும் போய்விட்டது.

ஏழைகளின் கண் சிகிச்சைக்கு நன்கொடை திரட்டுகிற சங்கம் அது. யாரும் கேட்காமலே வீடு வீடாக ஒரு பேனா, நாலு வாழ்த்து அட்டை என்று அனுப்பி வைப்பார்கள். ஓசியில் வாங்கி வைத்துக்கொண்டோமே என்று மனசு உறுத்தி யாராவது பணம் அனுப்புவார்கள். மற்றவர்கள் திட்டி எழுதுவார்கள், அந்தத் திட்டெல்லாம் நேரே இவள் மேஜைக்குத்தான் வரும். "என் பெயரை எடுங்கள்" என்று எத்தனை பேர் கெஞ்சினாலும் எடுப்பதில்லை. ஆள் செத்தால்தான் பெயரை அடிப்பார்கள்.

அன்று மத்தியானம் கையில் வந்த உறையின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இவர் இறந்துவிட்டார். இனி எதையும் அனுப்ப வேண்டாம்.'

பெயர் அக்காவுடையது. கையெழுத்தும் அக்காவுடையதுதான். போகப் போக மேலே ஏறும் அந்தக் குண்டு எழுத்து இவளுக்குத் தெரியாதா என்ன? தன் சாவைத் தானே எழுதித் தபாலில் போட்ட மகராசியை நினைத்து முதலில் சிரிப்பு வந்தது.

ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அப்போது பார்த்த வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியே இவள் நாளைக் கடத்தினாள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு போய் நின்றபோது, அத்தனை பேர் நடுவில், "விருந்தாளி வந்திருக்காங்க, நாற்காலி போடுங்க" என்றாள் அக்கா. அதோடு சரி.

இந்தச் சங்கத்தில் சேர்ந்ததும் ஆளுக்குப் பத்து முகவரி கொடுக்கச் சொன்னார்கள். இவள் முதலில் எழுதியது அக்காவின் முகவரியை. அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் வேறு யாரையும் தொட விடாமல் தானே கட்டுவாள். ஊருக்கெல்லாம் ஒரு பேனா என்றால் அக்காவுக்கு இரண்டு. அக்காவுக்கென்று இவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். இப்போது அதுவும் போகப்போகிறது.

"இறந்தவங்க பேரையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள அடிச்சுடும்மா" என்றார் பிரிவுத் தலைவர்.

"சரி சார்" என்றாள். அந்த உறையை மட்டும் கைப்பையில் திணித்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தாள்.

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? யாரு செத்தாங்க?"

"நீதான்" என்று இவள் உறையை நீட்டினாள்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். "இதுவா? எத்தனையோ தடவை போன் பண்ணிச் சொன்னேன், அந்தப் பாவிங்க நிறுத்தற மாதிரி இல்ல. கீழ்வீட்டம்மாதான் இப்படி எழுதச் சொன்னாங்க. அது சரி, இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"நான் இப்ப அங்கதான் வேலை பாக்கறேன். உன் அட்ரஸைக் கொடுத்ததே நான்தான்."

"அப்ப அந்தப் பேனாவெல்லாம்?"

"நான் அனுப்பினதுதான் அக்கா."

அக்கா அந்த உறையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு வருஷமா பேனா பேனாவா அனுப்பினியே, அதுல ஒண்ணை எடுத்து எனக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரலையாடி?"

"நீ கிழிச்சுப் போட்டுடுவியோன்னு பயந்தேன்."

"கிழிச்சுத்தான் போட்டிருப்பேன்" என்றாள் அக்கா. "படிச்சுட்டுக் கிழிச்சிருப்பேன்."