வெள்ளைக்காரர் ஓடிய தரை

பஞ்சாயத்து பிரசிடெண்ட் ராஜாராம் கொடுத்த சட்டைக்குள் ஞானதாஸ் விறைத்துப்போய் நின்றான். கஞ்சி போட்ட சட்டை. அவனுக்குக் கஞ்சி குடித்துத்தான் பழக்கம், உடுத்திப் பழக்கமில்லை. தலைக்கு மேலே இரண்டு பனைகளுக்கு நடுவே கட்டிய துணி, 'உலகப் புகழ் பெற்ற பேஸ்பால் ஸ்டேடியம்' என்று அறிவித்தது. உலகத்தின் சார்பில் ஓர் ஆடு மட்டும் அதன் கீழே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சண்டைக் காலத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் கூடாரம் போட்ட அமெரிக்கப் பட்டாளத்துக்காரர் ஒருவர், தாம் பந்தாடிய இடத்தைப் பார்க்க வருகிறாராம். தாசில்தார் சொன்னதிலிருந்து ராஜாராமுக்குத் தூக்கமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் என்று கோயில் சுவரே பெருமை பேசுகிறது. அந்தக் கல்வெட்டில் ராஜாராம் பெயர் இல்லை என்பது ஒன்றுதான் குறை. பந்தாடிய இடம் ஞானதாஸ் குடியிருக்கும் மேடுதான் என்று சொல்லி, அங்கிருக்கும் குடிசைகளை ஏரிக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டு, வேலி போட்டு, தம் பெயருக்கு ஒரு கல் நட்டுவிடத் தீர்மானித்தார். பேஸ்பால் என்றால் என்ன என்று கேட்டவர்களிடம், "கிரிக்கெட்டுக்குப் பெரியப்பன்" என்றார்.

துரை கேட்டால், 'இங்கதான் ஆடுனீங்க' என்று ஞானதாஸ் சொல்ல வேண்டும். சொன்னால் வாட்ச்மேன் வேலை. அவன் குடிசை மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் போகும்.

"இன்னா சொல்லப் போற?" என்று காலையில் அவன் மனைவி பாக்கியமேரி கேட்டாள்.

"தெரில."

"நெசமாவே எங்க ஆடுனாங்கன்னு ஞாபகம் கீதா, இல்லியா?"

"பிஸ்கோத்து குட்த்தாங்க. அப்ப நான் சின்னப் பையன். பிஸ்கோத்தப் பாப்பனா, எடத்தப் பாப்பனா?"

"நல்லாப் பாத்த போ. பக்கத்து வூடெல்லாம் பிரிச்சப்புறம் நீ ஆருக்குய்யா வாட்ச்மேன்? பேய்க்கா?"

ஜீப் வந்தது. ராஜாராம் போட்ட மாலையின் கனத்தில் துரை ஒருபக்கம் சாய்ந்தார். சுற்றிலும் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், ஏதோ கேட்டார்.

"பந்தடிக்க நின்னா கோபுரம் மூக்குக்கு நேரா தெரியுமாம். இங்கேர்ந்து தெரியலையேங்கறார்" என்றார் தாசில்தார்.

"மரம் வளந்துட்ச்சி சார். கோபுரமும் கொஞ்சம் எறங்கியிருக்கும், வயசாச்சில்ல? டேய் ஞானதாஸ், சொல்றா!"

ஞானதாஸ் வாயைத் திறந்தான். எதிர்க் குடிசை வாசலில் இருசப்பன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனுக்கு ஒண்ணும் பிரியல சாமி."

துரை அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. வரப்பேறி, வாய்க்கால் தாண்டி, ராஜாராமின் நாற்றங்காலில் ஷூவோடு இறங்கினார். விருந்தாளியை எப்படித் தடுப்பது? ராஜாராம் வரப்பில் நின்று கைகளைப் பிசைந்தார். நாற்றின் நடுவில் துரை நிமிர்ந்தார். கோபுரம் அவர் மூக்குக்கு நேரே நின்றது. ஒரே கூச்சல் போட்டு, இல்லாத கட்டையால் இல்லாத பந்தை ஓங்கி அடித்துவிட்டு, சேற்றில் தடதடவென்று ஓடினார். நாற்றங்காலைச் சுற்றி ஓடி, கிளம்பின இடத்துக்கே வந்து கையைத் தூக்கிக் குதித்தார்.

"பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கா இம்மாம் ஓட்டம்? அங்கியே குந்திக்கினு இருந்திருக்கலாமே" என்றான் இருசப்பன்.

துரை மூச்சு வாங்கச் சொன்னதைத் தாசில்தார் உற்சாகமாக மொழிபெயர்த்தார்.

"அப்போ இது மேய்க்கால் தரையாம். ஊர் மாட்டையெல்லாம் ஓட்டிவிட்டுத்தான் ஆடுவாங்களாம்."

தாம் சொன்னது தாசில்தாரின் காதிலேயே விழ ஒரு நொடி பிடித்தது. மேய்க்கால் என்றால் சர்க்கார் புறம்போக்கு, யாரும் சொந்தமாகப் பயிர் வைக்கக் கூடாத தரை. அவர் ராஜாராமைப் பார்க்காமல் ஞானதாசின் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, இந்த நாத்தங்கால் யாருது?"

ராஜாராம் ஞானதாசைப் பார்த்துச் சிரித்தார். பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்து அவர் சிரித்ததில்லை. அது கெஞ்சலா மிரட்டலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பாக்கியமேரி எங்கே என்று தேடினான்.

மிதிபட்ட நாற்றுகளுக்கு நடுவே துரையின் ஷூத்தடங்கள் வட்டமாகப் பதிந்து கிடந்தன. ஒவ்வொரு குழியிலும் அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து ஏறிக்கொண்டிருந்தது.