குரங்கும் மைனாவும் என் பெண்டாட்டியின் குரலும்

காரமடை ரங்கநாதர் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக்கு எனக்குச் சோறு இறங்க வேண்டாம்.

என் பெண்டாட்டி கருப்பாத்தாள் போன மாசியில் செத்துப்போனாள். குரலை மட்டும் விட்டுப்போனாள். மலையிலிருந்து வந்து எங்கள் மாமரத்தில் தங்கிவிட்ட மைனாவுக்கு அவள்தான் தினமும் வாழைப்பழம் வைப்பாள். புருஷன் பேரைச் சொல்லாத ஊர் வழக்கப்படி அவள் என்னை "ஏனுங்க!" என்று கூப்பிடுவதை அது அப்படியே பிடித்துக்கொண்டது. காரியம் முடிந்த மறுநாள் காலை மரத்திலிருந்து "ஏனுங்க!" என்றது. "வாரேன்" என்று ஓடினேன். நான் மட்டுமா? தெருவில் பெண்டாட்டி உள்ள அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு வெங்கடபதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார்.

"ஏனுங்ணா, உங்க மைனாவால என்ற பாதி மீசை போச்சுங்க!"

"மீதியையும் எடுத்துப்போடுங்க. லட்சணமா இருக்கும்."

அந்த ஒரு கூப்பாட்டுக்காகத்தான் தினமும் கண் விழித்தேன்.

என் மகன் மனோஜ்குமாருக்கு அது பொறுக்கவில்லை. ஆர்.எஸ்.புரத்திலிருந்து காரில் ஒரு குரங்கைக் கொண்டுவந்தான். மார்மோசெட்டாம், பிரேசில் சாதி, வால் போக உள்ளங்கையில் அடங்கும்.

"மைனா சும்மா அம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்லுதுங்கப்பா. இது அப்படியில்லீங்க. கூப்பிட்டுப்போட்டு, பதில் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கும்."

"உங்கம்மா பொறுத்ததே இல்லியே கண்ணு."

அவன் சொன்னது சரிதான். குரங்கு ஒரு சீட்டி அடிக்கும். தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். எனக்குச் சீட்டி வராது. மைனாவுக்கு வந்தது. சந்தையில் சந்தித்த சம்பந்திகள்போல் இரண்டும் மாற்றி மாற்றிப் பேசின. கண்டக்டர் விசிலென்று நினைத்து மேட்டுப்பாளையம் பஸ்கள் எல்லாம் எங்கள் வாசலில் நின்று போயின.

மைனாவின் தொண்டையில் புதியது ஏற ஏறப் பழையது இறங்கியது. முதலில் "ங்க" போனது. கருப்பாத்தாள் கோபத்தில்கூட மரியாதை குறைத்தவளில்லை. பிறகு "ஏ" மட்டும். பிறகு வெறும் சீட்டி.

குரங்கைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மைனா அதைத் தேடிச் சீட்டி அடித்துக்கொண்டே இருக்கிறது. பழத்தை நீட்டி, "ஒருக்கா சொல்லு அம்மணி" என்று மரத்தடியில் கெஞ்சுகிறேன். அவள் குரலில் நானே கூப்பிட்டும் காட்டினேன். வெங்கடபதிதான் வந்தார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பே, ஒரு காய்ச்சலில், எனக்கு இரண்டு காதும் அடியோடு போய்விட்டன.